குத்தகைக் காணியில் குழை தாட்டல்

'வைத்திருப்பதா, மாற்றுவதா' என்ற கேள்வி சொந்தக் காரை ஓட்டுபவருக்கு எந்த நாளில் வரும் என்று சொல்ல முடியாது. கிளச் வழுக்கத் தொடங்கும்போது வரலாம். கதவின் அடியில் துரு ஏறியிருப்பதைச் சோதனை நிலையத்துக்காரர் விரலால் தட்டிக் காட்டும்போது வரலாம். வீட்டில் பிள்ளை ஒன்று கூடும்போதோ வேலை தூரத்துக்கு மாறும்போதோ வரலாம். மின்சாரக் காரை லீசிங்கில் எடுத்தவருக்கு இந்த மயக்கம் இல்லை. டென்மார்க்கில் தனியாருக்கான லீசிங் பெரும்பாலும் முப்பத்தாறு மாதம். கையெழுத்து வைக்கும் அன்றே, மூன்று வருடம் கழித்து எந்தத் தேதியில் இந்தக் கேள்வி கேட்கப்படும் என்று தாளில் இருக்கிறது. அன்றைக்குக் கார் எந்த நிலையில் இருக்கும் என்பதற்கும் அந்தத் தேதிக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

யூலண்டில் நம்மவர்களின் கொண்டாட்டம் எதற்குப் போனாலும், சோறு சாப்பிட்டு முடிந்தபிறகு ஆண்கள் இருக்கும் மேசையில் இந்தக் கதை ஒருமுறை வந்துவிடும். மாதம் எவ்வளவு, முதல் கட்டு எவ்வளவு, வருடத்துக்குப் பதினையாயிரம் கிலோமீற்றரா இருபதாயிரமா, திருப்பிக் கொடுக்கும்போது கீறலுக்கு எவ்வளவு வெட்டினார்கள். நல்ல கணக்குப்பிள்ளைகள் இருக்கிறார்கள் நம்மில். அவர்களிடம் இதில் அறம் சம்பந்தமான கேள்வி ஒன்றும் இருக்கிறது என்று சொன்னால், 'மின்சாரக் கார் எடுத்ததே அறம்தானே, பிறகென்ன' என்பார்கள். அந்தப் பதில் பாதி சரி. மற்றப் பாதியைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

முதலில் வந்த தலைமுறைக்கு லீசிங் என்ற சொல்லே பழக்கமில்லை. எண்பதுகளின் நடுப்பகுதியில் ஹேர்னிங், கிறின்ஸ்ரெட், ஹொல்ஸ்ரெப்ரோ என்று சின்னப் பட்டினங்களில் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள், கார் என்றால் பத்து வருடம் ஓடிய காரைத்தான் வாங்கினார்கள். டென்மார்க் காருக்கு 180 வீதம் வரை பதிவு வரி வாங்கிய நாடு. காரைவிட வரி கூட. 2015இல்தான் அந்த மேல்படி 150 ஆக இறங்கியது. புதுக் கார் என்பது வைத்தியர் வீட்டு வாசலில் நிற்கும் பொருள். வாங்கிய பழைய காரை அது விழும்வரை ஓட்டினோம். விழுந்தால் இன்னொரு விழுந்த காரிலிருந்து பாகம் கழற்றிப் பூட்டினோம்.

மின்சாரக் காருக்கு அந்த வரி 2015 முடியும்வரை இல்லை. 2016இலிருந்து படிப்படியாக வரி ஏறும் என்று சட்டம் வந்ததும், அந்த வருடக் கடைசியில் வசதியுள்ளவர்கள் அள்ளி வாங்கினார்கள். அடுத்த வருடம் விற்பனை படுத்துவிட்டது. பிறகு 2020 டிசெம்பரில் அரசும் அதை ஆதரிக்கும் கட்சிகளும் புது உடன்பாட்டுக்கு வந்தன. 2030க்குள் 775,000 பசுமைக் கார்கள் என்பது இலக்கு. நடுத்தர விலையுள்ள மின்சாரக் காருக்குப் பதிவு வரி அநேகமாக இல்லை என்ற நிலை வந்தது. 2024இல் இந்த நாட்டில் புதிதாகப் பதிவான கார்களில் பாதிக்குமேல் மின்சாரக் கார்கள்.

வரி குறைந்தும் ஏன் வாங்காமல் வாடகைக்கு எடுக்கிறோம்? பயம்தான். பற்றரி எத்தனை வருடம் தாங்கும் என்ற பயம். அடுத்த வருடம் இதைவிட நல்லது, இதைவிட மலிவாக வந்துவிடும் என்ற பயம். இரண்டாவது பயத்துக்கு ஆதாரம் உண்டு. 2023 ஜனவரியில் டெஸ்லா ஐரோப்பா முழுவதும் விலையைத் திடீரென்று வெட்டியபோது, முதல் நாள் வரை முழு விலை கொடுத்து வாங்கியவர்களின் காரும் அன்றே மதிப்பிழந்தது. லீசிங்கில் எடுத்தவர்கள் மட்டும் நிம்மதியாகத் தேநீர் குடித்தார்கள், நட்டம் வேறு யாருடையதோ. லீசிங் என்பது காரை வாடகைக்கு எடுப்பதைவிட, பயத்தை மாதக் கட்டணத்துக்கு இன்னொருவரிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு என்றுதான் எனக்குப் படுகிறது. அதில் பிழை சொல்ல மாட்டேன். மின்சாரக் கார் விஷயத்தில் டென்மார்க் சூடுபட்ட பூனை. பெற்றர் பிளேஸ் என்ற கம்பனியை 2007இல் ஷாய் அகாசி தொடங்கியபோது இஸ்ரேலும் டென்மார்க்கும்தான் அதன் முதல் களங்கள். ரெனோவின் புளுவென்ஸ் காரை நீங்கள் வாங்கலாம், பற்றரி மட்டும் கம்பனியுடையது. நிலையத்துக்குள் காரை விட்டால் அடியிலிருந்து ஓர் இயந்திரம் தீர்ந்த பற்றரியைக் கழற்றி நிரம்பியதைப் பூட்டிவிடும். 2013 மே மாதம் கம்பனி வங்குரோத்தானது. உடல் என்னுடையது, உயிர் இன்னொருவருடையது என்ற அந்த ஏற்பாட்டை நம்பியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

அதற்கும் முன்னால் ஒரு கதை இருக்கிறது. 1983இல் கொப்பன்ஹேகன் போரும் மண்டபத்தில் 'ஹோப் விஸ்பர்' என்ற டெனிஷ் மின்சாரக் காரைப் பெரிய ஆரவாரத்தோடு காட்டினார்கள். காட்டிய அன்றே அது தடுப்பில் போய் மோதியது. இன்றும் இங்கே வயதானவர்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். 1983 நமக்கு வேறு காரணத்தால் நினைவிருக்கும் வருடம். அப்போது இங்கே பிரதமர் போல் ஸ்லூட்டர். பத்து வருடம் கழித்து, நம் குடும்பங்களை வரவிடாமல் இழுத்தடித்த விவகாரத்தால் பதவி துறந்தவரும் அவர்தான். காருக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நாட்டுக்குள் வந்து இறங்கியவர்களின் பிள்ளைகள்தான் இன்று மின்சாரக் காரின் மாதக் கட்டணம் பற்றிக் கதைக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது சற்று நின்றுதான் போக வேண்டியிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

இன்னொருவர் பொருளை ஒரு காலத்துக்கு அனுபவித்துத் திருப்பிக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் ஒற்றி என்றும் குத்தகை என்றும் அதற்கு இரண்டு வழி இருந்தது. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரண்டு முதலியார்கள் பார்த்து ஒப்புக்கொண்ட தேசவழமையில் ஒற்றிக்குத் தனி இடம் உண்டு. கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியை வைத்து விளைச்சலை எடுத்துக்கொள்வார். கடனைக் கட்டினால் காணி திரும்பும். அதில் எனக்குப் பிடித்த விஷயம், மீட்பதற்கான காலத்தைப் பயிர்தான் தீர்மானித்தது. விளைச்சல் நிலத்தில் நிற்கும்போது காசைக் கொண்டுவந்து நீட்டி 'எழும்பு' என்று சொல்ல முடியாது. தேதியை வைத்தது மண்ணும் மழையும்.

குத்தகை வேறு மாதிரி. அதில் தேதி காகிதத்தில் அல்லது வாயில் இருக்கும். குத்தகைக்கு எடுத்தவர் புகையிலை வைப்பார், வெங்காயம் வைப்பார், மிளகாய் வைப்பார். தென்னம்பிள்ளை வைக்க மாட்டார். அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் தோட்டக்காரர்கள் கவனிக்கும் வேறொன்று இருந்தது. பூவரசங்குழையும் வேப்பங்குழையும் வெட்டி வந்து மண்ணுக்குள் புதைப்பார்கள், குழை தாட்டல் என்று பெயர். முதுகு முறியும் வேலை. அதன் பலன் ஒரு போகத்தோடு முடிவதில்லை, அடுத்த போகத்துக்கும் மண்ணில் நிற்கும். குத்தகையின் கடைசி வருடத்தில் குழை தாட்டுகிறவர் உண்டா இல்லையா? அதை வைத்துத்தான் ஊரில் ஆளை எடை போட்டார்கள். சட்டம் அதைக் கேட்கவில்லை. காணிக்காரரும் கொழும்பில் இருப்பார், பார்க்க மாட்டார். பக்கத்துத் தோட்டக்காரருக்கு மட்டும் தெரியும்.

மின்சாரக் காரில் குழை என்பது பற்றரியை நடத்தும் விதம். லித்தியம் பற்றரி சில விஷயங்களுக்கு முகம் சுளிக்கும். நூறு வீதம் ஏற்றி நாட்கணக்கில் நிற்க விடுவது, அடிமட்டம் வரை இறக்குவது, வீட்டில் மெதுவாக ஏற்ற வசதி இருந்தும் எப்போதும் வேகச் செருகியில் ஏற்றுவது, வெயிலில் நிறைந்த வயிற்றோடு காய விடுவது. பல கார்களுக்கு அன்றாடம் எண்பது வீதத்தோடு நிறுத்துவது நல்லது என்று கைநூலிலேயே இருக்கும். (இரும்புப் பொஸ்பேற் வகைக்கு மட்டும் வேறு விதி, அதை வாரம் ஒருமுறை முழுதாக ஏற்றச் சொல்வார்கள். உங்கள் கைநூலைப் பாருங்கள்.) இவற்றைச் செய்தால் நாளைக்கே ஒன்றும் ஆகாது. மூன்று வருடத்துக்குள்ளும் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஐந்தாம் ஆறாம் வருடத்தில், காரை அப்போது வைத்திருப்பவருக்குத் தெரியும்.

எங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். கீறலின் நீளத்துக்கு அளவு இருக்கிறது. ரயரின் பள்ளம் எத்தனை மில்லிமீற்றர் என்று இருக்கிறது. ஆசனத்தில் கறை, கண்ணாடியில் பொட்டு, கூடுதலாக ஓடிய ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் விலை. பற்றரியை எப்படி ஏற்றினாய் என்று ஓர் இடத்திலும் கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் காயத்துக்கு அபராதம், தெரியாததற்கு ஒன்றுமில்லை. டென்மார்க்கில் புதுக் காருக்கு அரசின் முதல் சோதனை நான்கு வருடம் கழித்துத்தான். அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒன்று. அப்படியென்றால் மூன்று வருட லீசிங் கார், ஒரு வெளியாள் அதன் அடியைப் பார்க்கும் முன்னரே முதல் கையைவிட்டுப் போய்விடுகிறது.

'வாடகைக் காரை யாராவது கழுவுவானா' என்று பொருளியல்காரர்கள் சொல்லுவதுண்டு. சொந்தமில்லாததில் அக்கறை வராது என்பது கருத்து. அது முழு உண்மை இல்லை என்பதற்கு மின்சாரக் காரின் வரலாற்றிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1996இல் ஜெனரல் மோட்டர்ஸ் ஈவி1 என்ற காரை வெளியிட்டது. மொத்தம் ஆயிரத்துச் சொச்சம் கார்கள்தான், முதலில் கலிபோர்னியாவிலும் அரிசோனாவிலும். விற்கவில்லை, லீசிங் மட்டும். பிறகு திட்டத்தைக் கைவிட்டு, லீசிங் முடிய ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து, பெரும்பாலானவற்றை நசுக்கினார்கள். ஓட்டியவர்கள் கெஞ்சினார்கள். 2005இல் பேர்பாங்க் என்ற இடத்தில் கடைசியாக நிறுத்தி வைத்திருந்த எழுபத்தெட்டுக் கார்களுக்காக இரவும் பகலும் காவல் இருந்து, ஒவ்வொன்றுக்கும் காசு தருகிறோம் என்றார்கள். நிறுவனம் கொடுக்கவில்லை. அடுத்த வருடம் கிறிஸ் பெயின் அதைப் படமாக எடுத்தார். அந்தக் கார் ஒருநாள்கூட அவர்களுக்குச் சொந்தமாக இருக்கவில்லை. ஆனாலும் வேலியோரம் படுத்துக் கிடந்தார்கள். அக்கறை உறுதிக்குப் பின்னால் போகும் நாய்க்குட்டி இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. உறுதி என்றால் நம் ஊர்க் காணி உறுதிதான்.

நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: திறப்பைக் கொடுத்தவுடன் நம் பொறுப்பும் அந்த மேசையிலேயே இருந்துவிடுகிறதா? ஒப்பந்தம் ஆம் என்கிறது. கார் அங்கே நிற்பதில்லை. அது ஏலத்துக்குப் போகும், இன்னொரு டெனிஷ் குடும்பத்துக்குப் போகும், சில வேளை எல்லை தாண்டும். 2014, 2015 ஆண்டுகளில் இலங்கைக்குப் பாவித்த மின்சாரக் கார்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கின, பெரும்பாலும் நிசான் லீவ். அந்தக் காலத்து லீவின் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லை. வெப்பநாட்டில் அது குளிர்நாட்டைவிட வேகமாகத் தேயும். பிறகு வரியைக் கூட்டினார்கள், 2020இல் வாகன இறக்குமதியையே நிறுத்தினார்கள். ஆகவே அந்த வருடங்களில் வந்தவை வந்தவைதான், அவற்றைத்தான் ஓட்ட வேண்டியிருந்தது. 2022இல் நாடு முழுக்கப் பெற்றோலுக்கு வரிசை நின்றபோது மின்சாரக் கார்க்காரர்கள் வரிசையில் நிற்கவில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் வெட்டியபோது அவர்களும் சேர்ந்து இருந்தார்கள்.

எங்கள் உறவினர் ஒருவர் கோண்டாவிலில் இப்படி ஒரு மின்சாரக் கார் வைத்திருக்கிறார். நிரப்பினால் பருத்தித்துறை போய்த் திரும்பலாம், அதற்குமேல் கணக்குப் பார்க்க வேண்டும். அவர் சொல்வார்: "முதல் வைச்சிருந்தவன் ஆரோ, நல்லா அடிச்சிருக்கிறான் தம்பி." அந்த யாரோ ஒருவருக்கு, எங்கேயோ ஒரு குளிர்ந்த ஊரில், தன் கார் கோண்டாவிலுக்குப் போகும் என்று தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் வேறு மாதிரி ஏற்றியிருப்பாரா? தெரியாதவருக்காக ஒன்றைச் செய்வதுதான் கடைசி வருடத்துக் குழை.

இதுவரை சொன்னது திருப்பிக் கொடுப்பதைப் பற்றி. வைத்திருப்பதா மாற்றுவதா என்ற கேள்விக்கு இது நேர் விடை இல்லை. அங்கேதான் எனக்கும் மகளுக்கும் வாக்குவாதம்.

அவள் ஓகூஸில் படிக்கிறாள். நான் 'நல்ல நிலையில் உள்ள காரைக் கொடுத்துவிட்டுப் புதிது எடுப்பது வீண்' என்று சொன்னவுடன் பிடித்துக்கொண்டாள். "அப்பா, நாங்கள் இதைக் கட்டிப்பிடிச்சு வைச்சிருந்தா ஆருக்கு லாபம்? நீங்கள் திருப்பிக் குடுத்தாத்தான் பாவிச்ச மின்சாரக் கார் சந்தைக்கு வரும். புதுசு எடுக்க வசதியில்லாத ஆக்கள் அதைத்தான் வாங்குவினம். அவை தங்கட பழைய டீசல் காரை விடுவினம். மாத்திறதுதான் நல்லது, வைச்சிருக்கிறதுதான் சுயநலம்."

இது சாதாரண வாதமில்லை. டென்மார்க்கில் பாவித்த மின்சாரக் கார் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதற்கு லீசிங்கிலிருந்து திரும்பிய கார்கள் பெரும் காரணம். இரவு வேலைக்குப் போகும், பேருந்து இல்லாத கிராமத்தில் இருக்கும், புதிய காரின் விளம்பரத்தைப் பார்க்கக்கூட நேரமில்லாத ஒரு பெண்ணுக்கு அந்தக் கார் போய்ச் சேருமென்றால், என் சிக்கனத்தால் அவளுக்கு என்ன நன்மை?

நான் யோசித்து வைத்திருக்கும் பதில் முழுமையானது என்று சொல்ல மாட்டேன். மின்சாரக் கார் தொழிற்சாலையை விட்டு வரும்போது, அதே அளவு பெற்றோல் காரைவிடக் கூடுதலான கரியமிலவாயுக் கடனோடு வருகிறது. பற்றரியைச் செய்வதில்தான் அந்தக் கடன். ஓட ஓட அது அடைபடும், ஏனென்றால் ஓடுவதற்குப் பெற்றோல் எரிக்கவில்லை. இந்த நாட்டில் மின்சாரத்தில் பாதிக்குமேல் காற்றிலிருந்து வருகிறது. 1991இலேயே லோலண்ட் கரையோரம் வின்டபியில் உலகத்தின் முதல் கடற்காற்றாலைப் பண்ணையை நட்டவர்கள் இவர்கள். ஆகவே இங்கே ஓட்டுவதால் வரும் கேடு மிகச் சிறிது. அதனாலேயே, காரின் முழு ஆயுளில் மிஞ்சும் கேட்டில் பெரும் பங்கு அதைச் செய்ததில் வருகிறது. காற்று எவ்வளவு கூட வீசுகிறதோ அவ்வளவுக்கு இந்தப் பங்கு கூடும். பெற்றோல் காரை விட்டு மின்சாரக் காருக்கு மாறியபோது எரிபொருளை நிறுத்தினோம், அதில் நியாயம் இருந்தது. மின்சாரக் காரிலிருந்து இன்னொரு மின்சாரக் காருக்கு மாறும்போது எதை நிறுத்துகிறோம்? ஒன்றையும் நிறுத்தவில்லை. ஒரு புதுப் பற்றரியைச் செய்விக்கிறோம். அதற்குள் கொங்கோவில் தோண்டிய கோபால்ற் இருக்கலாம், சிலியின் உப்புவெளியிலிருந்து எடுத்த லித்தியம் இருக்கலாம்.

"அதுதான் சொல்லுறன், எங்கட பழசு கீழ போய் டீசலை நிறுத்தும்" என்றாள். நிறுத்தலாம். அந்தச் சங்கிலி முழுதாக நடந்தால் அவள் சொன்னதுதான் சரி. நடக்காமல் அந்த வீட்டில் டீசல் காரோடு இரண்டாவது காராகவும் நிற்கலாம். அவளிடம் நான் கேட்டது வேறு. புது காரை விரும்புவதற்குக் காரணம் அந்த இரவு வேலைப் பெண்ணா? அவள் சிரித்துவிட்டாள். அவளுக்குத் தெரியும், காரணம் நானூற்றைம்பது கிலோமீற்றர் ஓடும் புது மொடல். நம் ஆசையால் மூன்றாம் ஆளுக்கு ஒரு நன்மை விழுந்தால் நல்லதுதான். ஆனால் அந்த மூன்றாம் ஆளைக் காட்டி ஆசையை ஒளித்து வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆசையை ஆசை என்றே சொல்லி எடுத்தால் எனக்கு மறுப்பு குறைவு.

இன்னொரு பக்கத்திலும் இதே மாதிரி ஒளிப்பு இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். நம்மில் என் வயதுக்காரர்கள் வைத்திருப்பதைப் பெரிய குணமாகப் பேசுவோம். யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் ஓஸ்ரின் ஏ40 கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சொட்டுப் பெற்றோலால் இயந்திரத்தை எழுப்பி, சூடு ஏறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகையும் அந்த மணமும் அந்தக் காலத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். முப்பது நாற்பது வருடக் கார்கள் அவை. 'அப்ப நாங்கள் ஒண்டையும் எறியேல்லை' என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். எறிய வேறென்ன இருந்தது? புதுக் கார் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால் அன்று மாலையே ஏ40ஐ விட்டிருப்பார்கள். வழியில்லாமல் வைத்திருந்ததை அறம் என்று பிள்ளைக்குப் பாடம் நடத்துவது நேர்மையில்லை.

ஆனால் அந்தக் கார்களோடு இருந்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருந்தது. கார் எதனால் நிற்கிறது, எதனால் ஓடுகிறது என்று தெரியும். கொக்குவில் கராச்சில் ஒரு பாகத்தைக் கடைந்து எடுப்பார்கள். இன்று என் காரின் பற்றரிப் பெட்டியை நான் கண்ணால் கண்டதில்லை. வைத்திருப்பது என்றால் சும்மா நிறுத்தி வைப்பது என்று ஆகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுப் பற்றரி ஒழுங்குவிதிப்படி, 2027 பெப்ரவரியிலிருந்து சந்தைக்கு வரும் மின்சாரக் கார்ப் பற்றரி ஒவ்வொன்றுக்கும் எண்முறைக் கடவுச்சீட்டு வேண்டும். எங்கே எதனால் செய்யப்பட்டது, எந்த நிலையில் இருக்கிறது என்று அடுத்து வாங்குபவர் கேட்க இடம் இருக்கும். கோண்டாவில் உறவினருக்கு அது பிந்திவிட்டது. கடவுச்சீட்டு என்ற சொல்லைப் பார்த்ததும் நம்மவர்களுக்கு வரும் சிரிப்பை நான் தடுக்கப் போவதில்லை.

எனக்கு இந்த விஷயத்தில் உறுத்துவது தேதிதான். லீசிங் கம்பனிக்கு முப்பத்தாறு மாதம் என்பது நியாயமான எண். காரின் மதிப்பு எப்படி இறங்குகிறது, எப்போது விற்றால் எவ்வளவு கிடைக்கும் என்று பார்த்துப் போட்டது. அது அவர்களுடைய புத்தகத்தின் தேதி. பற்றரிக்கு உற்பத்தியாளர்கள் வழக்கமாக எட்டு வருடம் அல்லது 160,000 கிலோமீற்றர் உத்தரவாதம் கொடுக்கிறார்கள். மூன்று வயதுக் கார் இளந்தாரி. இருந்தும் அந்தத் தேதி நெருங்க நெருங்க, நமக்குள் ஒரு பசி தானாக எழும்புகிறது. இரண்டாம் வருடம் முழுக்கப் போதுமாக இருந்த கார், முப்பதாம் மாதத்திலிருந்து சிறுக்கத் தொடங்குகிறது. குளிர்காலத்தில் தூரம் குறைகிறது என்ற முறைப்பாடு வருகிறது. முதல் குளிர்காலத்திலும் குறைந்ததுதான். அந்தப் பசியை யார் எழுப்பினார் என்று கேட்டால் ஆள் இல்லை. விற்பனையாளர் நல்ல பையன், ஒன்றையும் திணிக்கவில்லை. முடிவு நடந்துவிடுகிறது, எடுத்தவர் இல்லை. வைத்திருப்பதா மாற்றுவதா என்பதில் எது சரி என்பதைவிட, ஒருவரும் எடுக்காத முடிவுக்கு நாம் கையெழுத்துப் போடுகிறோம் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. மகள் யோசித்து மாற்றச் சொன்னாள். தேதி வந்துவிட்டது என்பதற்காக மாற்றுகிறவரைவிட அவள் மேல்.

வீட்டில் கேட்க வேண்டியவர் மனைவி. முதியோர் இல்லத்துக்குக் காலையும் மாலையும் ஓட்டுபவர் அவர்தான். போக முப்பத்தொன்று, வர முப்பத்தொன்று. "அறுபத்திரண்டு கிலோமீற்றருக்கு நானூற்றைம்பது என்னத்துக்கு?" என்றார். "ஆனா பின் சீற் உயரம் காணாது, அம்மாவை ஏத்தி இறக்கக் கஷ்டமாயிருக்கு. அதையும் பாருங்கோ." அது காரணம்தான். அம்மாவுக்கு எண்பத்தாறு வயது. அந்தக் காரணம் பெருக்குமென்றால் நாங்கள் காரை மாற்றுவோம், மாற்றியதற்காக வெட்கப்பட மாட்டோம். இப்போதைக்கு ஆசனத்தில் போடும் தடித்த மெத்தை ஒன்று வாங்கினோம், அம்மா அதை ஒத்துக்கொண்டார்.

விலைக்குத் தருவீர்களா என்று கம்பனியைக் கேட்டோம். வாங்கும் உரிமை ஒப்பந்தத்தில் இல்லை என்றார்கள், அது உண்மை. நீடிப்பு தருவார்கள், பன்னிரண்டு மாதம், கட்டணம் சற்றுக் குறைவு, குளிர்கால ரயர் எங்கள் செலவு. எடுத்துக்கொண்டோம். அதன் முடிவில் விலை பேசலாம் என்று மின்னஞ்சலில் எழுதியிருக்கிறார்கள். அது வாக்குறுதி இல்லை என்று மகள் சொல்கிறாள். அவள் இன்னும் தன் வாதத்தை விடவில்லை.

வருகிற வசந்தத்தில் காருக்கு நான்கு வயதாகும். முதல் சோதனைக்கு அதை ஹேர்னிங்குக்கு நான் கொண்டுபோக வேண்டும்.